செல்வமலர் துவக்கு விசாரித்த கதை

செல்வமலருக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கதிரையில் இருந்தாலும் பாதிக் கதிரையில்தான் இருப்பாள். மற்றப் பாதியை எழும்புவதற்கென்று மிச்சம் விட்டிருப்பாள். காஸ் அடுப்பை மூடிவிட்டுப் பார்ப்பாள், வாசலைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷன் வரை போன காரைத் திருப்பிக்கொண்டு வந்து அடுப்பை மறுபடி பார்ப்பாள். வீட்டில் யாராவது "போட்டு வாறன்", போய் வருகிறேன், என்று சொல்லி வெளிக்கிட்டால் போதும், அந்த ஆள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்வரை அவளுக்குக் கால் தரிக்காது. வாசலுக்கும் குசினிக்கும் நடந்தே அம்மா கார்ப்பெட்டைத் தேய்த்துவிட்டாள் என்று மகள் ஹம்சா பகிடி விடுவாள். பகிடிதான், ஆனால் கார்ப்பெட்டில் அந்த இடம் உண்மையாகவே வெளிறித்தான் கிடந்தது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் துவக்கு வாங்க வெளிக்கிட்டாள், சுடுகிற துப்பாக்கி.

எல்லாம் நரியால் வந்த வினை. விண்ட்சருக்கு அப்பால், ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொஞ்சக் காணியைக் குத்தகைக்கு எடுத்து செல்வமலர் கோழி வளர்த்தாள். கடைக் கோழியில் ருசி இல்லை என்று மூக்கைச் சுளிக்கும் தமிழ்ச் சனம் சிட்னியில் எக்கச்சக்கம். ஆகவே வளர்த்த கோழி வளர்த்த கையோடு விலைப்பட்டது. நரிக்கும் அந்த ருசி தெரிந்துபோயிற்று. தின்னுகிற நரி என்றால் மன்னிக்கலாம், அதற்கும் வயிறு உண்டு. இது கூட்டுக்குள் புகுந்து எல்லாவற்றின் கழுத்தையும் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைமட்டும் தூக்கிக்கொண்டு போகிற நரி. விடியப் போய்க் கதவைத் திறந்தால் சிறகும் இரத்தமும்தான். கம்பி அடித்தாள், அடியால் தோண்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போட்டாள், வெளிச்சத்தில் வசதியாக வந்தது. பக்கத்துக் காணிக்கார வெள்ளைக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, இதற்கு ஒரே வழி சுடுவதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு ஆளென்றால் சிரித்துவிட்டு விட்டிருக்கும். செல்வமலர் வகுப்புக்குப் போனாள், ஆங்கிலப் புத்தகத்தைப் பாடமாக்கினாள், சோதனை எழுதினாள், மாதக்கணக்கில் காத்திருந்து லைசன்ஸை வாங்கினாள். துவக்கைக் கண்டு பயப்படுகிற காலமும் அதிசயப்படுகிற காலமும் அவளுக்கு வன்னியிலேயே முடிந்துபோயிருந்தன. அவளுக்கு அது மண்வெட்டியைப் போல ஒரு சாமான். நரி இருக்கிற இடத்தில் வேண்டும், அவ்வளவுதான். அம்மா சீரியஸாகத்தான் இருக்கிறாளா என்று ஹம்சா ஆங்கிலத்தில் கேட்டாள். கோழியைக் கேட்டுப்பார் என்றாள் செல்வமலர்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு முள் இருந்தது. தவம்.

தவம் செல்வமலரின் இரண்டாவது கணவன். செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். படகில் வந்தவன். அவளும் ஹம்சாவும் விமானத்தில், விசாவோடு வந்து எப்போதோ குடியுரிமை எடுத்துவிட்டார்கள். தவத்தின் வழக்கு மட்டும் தோற்றுப்போய், சில மாதங்களுக்கு ஒருதரம் புதுப்பிக்கிற தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காக அவன் தொடக்கத்திலேயே ஒரு கடுதாசியில் கையெழுத்து வைத்திருந்தான்: இந்த நாட்டில் ஒழுங்காக இருப்பேன், சட்டத்தை மீறமாட்டேன் என்று. பொலிஸ் ஒரு வழக்குப் பதிந்தால் போதும், தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை, விசா போய்விடலாம். விசா போனால் வில்லவூட் தடுப்பு முகாம். அதற்குப் பிறகு விமானம்.

ஆகவே செல்வமலர் ஒன்றில் உறுதியாக இருந்தாள். துவக்கு தன் பேரில், பூட்டின் திறப்பு தன் கழுத்துக் கொடியில், துவக்கை வைக்கிற இரும்புப் பெட்டி தோட்டத்துக் கொட்டிலில், சீமெந்தோடு சேர்த்துப் பூட்டி. தவத்தின் நிழலும் அதில் படக்கூடாது. துவக்கு வருமுன்னமே பெட்டி வந்து கொட்டிலில் நின்றது.

துவக்கைத் தருவதாகச் சொன்னவன் சுகிர்தன். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அன்னதானத்துக்குப் பந்தியில் நின்று சோறு போடுகிற பொடியன், கம்ப்யூட்டர் வேலை. வேலையிடத்துக் கூட்டாளிகளோடு முயல் சுடப் போகிற பழக்கம் அவனுக்கு இருந்தது. இப்போது மெல்பேர்னில் வேலை கிடைத்து வெளிக்கிடுகிறான், இரண்டு துவக்கில் ஒன்றை விற்கவேண்டும். கோழிக்காக அன்ரி லைசன்ஸ் எடுத்த கதை காதில் விழுந்திருக்கிறது. சப்பாத்து விடுகிற இடத்தில் வைத்து மெதுவாகக் கேட்டான், நல்ல சாமான் என்றான், பேப்பர் வேலையைப் பேந்து பாப்பம் அன்ரி என்றான்.

பிறகு என்ற அந்தப் "பேந்து" செல்வமலரின் மனதில் சோற்றுக் கல்லாக நெரிபட்டது. ஏனென்றால் வகுப்பில் படிப்பித்தவர் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார்: பழைய துவக்கு வாங்குவதென்றால், அது களவுபோன துவக்கா என்று முதலில் பார், கையிலிருந்து கைக்கு மாற்றாதே, கடைக்காரர் நடுவில் நிற்கவேண்டும், பொலிஸ் அனுமதி வேண்டும். களவுச் சாமான் ஒன்று தன் கொட்டிலுக்கு வந்து, அதன் பின்னால் பொலிஸ் வந்து, பொலிஸின் பின்னால் தவத்தின் விசா போவதை அவள் சோறு வடிக்கும்போதும் கண்டாள், கோழிக்குத் தீன் போடும்போதும் கண்டாள். கோழியைக் காக்கப் போய்ப் புருசனைக் கொடுத்தவள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

சரி, பார்க்கத்தான் வேண்டும். எப்படிப் பார்ப்பது? ஒரு விசயம் நல்லதா கெட்டதா என்று பார்க்க எங்கள் சனத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், செல்வமலரும் அந்த வழியிலேயே போனாள். ஆள் ஆர், எந்த ஊர், ஆருடைய மகன்?

முதலில் பிடித்தது யோகராணி அக்காவை. கோயிலில் மாலை கட்டுகிற இடத்தில் அவர்தான் தலைவி. சிட்னியில் எந்தக் குடும்பத்தின் வேரும் அவருடைய விரல் நுனியில் இருக்கும். சுகிர்தன் எந்தப் பக்கம் என்று செல்வமலர் பூவைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். இணுவில், தகப்பன் அதிபராக இருந்தவர், தாய் கனடாவில் மூத்த மகளோடு. குடி? இல்லை. கூடாத சேர்க்கை? முயல் சுடப்போகிறான், அது ஒரு விளையாட்டு. கைசுத்தமோ? யோகராணி அக்கா மாலையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கோயில் உண்டியல் திறப்பையே அவனை நம்பிக் கொடுக்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஹம்சாவுக்கோ என்று கேட்டார்.

கோயிலுக்குள் நின்றுகொண்டு துவக்குக்கு என்று சொல்ல முடியுமா? அதுவும் தவம் இருக்கிற நிலைமையில்? சும்மாதான் அக்கா என்றாள் செல்வமலர். கலியாண வயதில் மகளை வைத்திருப்பவள் "சும்மா" என்றால் அதற்கு "ஓம்" என்று அர்த்தம் என்பது யோகராணி அக்காவுக்குத் தெரியாதா?

செல்வமலர் அதோடு விடவில்லை. சுகிர்தனோடு ஒரே வீட்டில் முன்பு இருந்தவனைக் கேட்டாள், அவனுடைய சின்னம்மா முறையான ஒருவரைக் கேட்டாள், மளிகைக் கடையில் கணக்குத் தீர்க்கும்போது கடைக்காரரையும் கேட்டாள். எல்லோரும் ஒரே வாயால் சொன்னார்கள்: தங்கமான பொடியன். அன்றைக்கு அவள் நிம்மதியாக வீட்டுக்கு வந்து, கதிரையில் முக்கால்வாசி இருந்தாள்.

அந்த நிம்மதி பின்னேரம் ஹம்சா வரும்வரைதான். வேலைத்தலத்தில் யாரோ ஒரு சிநேகிதி அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். சுகிர்தன் ஹாண்ட்ஸம்தான், லக்கி என்று வேறு சொல்லியிருக்கிறாள். ஹம்சா பையைக் குசினி மேசையில் போட்டுவிட்டு பதிலுக்கு நின்றாள். செல்வமலர் கதிரையை விட்டு எழும்பினாள். வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னாள். ஹம்சாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்துக் கேட்டாள்.

"அவனைப் பற்றி எல்லாம் விசாரிச்சீங்கள் அம்மா. துவக்கைப் பற்றி விசாரிச்சீங்களா?"

துவக்கை என்னெண்டு விசாரிக்கிறது என்று செல்வமலர் கேட்டாள்.

"அதிலை ஒரு நம்பர் இருக்கும். சீரியல் நம்பர். நல்ல பொடியன்ரை கையிலையும் களவுச் சாமான் இருக்கலாம்தானே."

மாடு வாங்குகிறவன் மாட்டின் சுழியைப் பார்ப்பான், விற்கிறவனின் சுழியைப் பார்க்கமாட்டான். செல்வமலர் தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டாள். அன்றிரவு கார்ப்பெட்டுக்கு நல்ல வேலை.

அடுத்தநாளே செவன் ஹில்ஸில் சுகிர்தனின் வீட்டுக்குப் போனாள். பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக்கிடந்தது. அவன் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான், பிறகு துவக்கை எடுத்துவந்து துணியில் கிடத்தினான். நல்ல துவக்குத்தான், துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தான். நம்பரைக் காட்டும் தம்பி என்றாள் செல்வமலர். அவன் காட்டினான். அவள் போனில் படமெடுத்தாள். இது உம்மடை பேரிலை பதிஞ்சிருக்குத்தானே என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

சுகிர்தன் துணியின் ஓரத்தை மடித்தான்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். ஆரிட்டை வாங்கினனீர்?"

சொன்னான். கூட வேலைசெய்த ஒருவரிடம். பேப்பர் எல்லாம் கடையில் கொடுத்து மாற்றித் தாறன் என்று அந்த மனுசன் சொன்னாராம்; இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, ஒருநாள் பேர்த் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. பதியாத துவக்கை வைத்திருப்பதே குற்றம் என்று சுகிர்தனுக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுக்கப் பயம், வைத்திருக்கவும் பயம். வருசக்கணக்கில் பெட்டியின் அடியில் கிடந்தது. உங்களுக்கு விற்றுப்போட்டுப் பேப்பரை எப்படியாவது சரிசெய்யலாம் என்றுதான் நினைச்சனான் என்று சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நல்ல மனுசன் அன்ரி அவர். குடி இல்லை, பொய் இல்லை. எல்லாரும் நல்லமாதிரித்தான் சொன்னவை."

செல்வமலருக்குத் தன் சொந்தக் குரலே அறைக்குள் எதிரொலித்த மாதிரி இருந்தது. அவனைத் திட்டத்தான் வந்தது. தன் பயத்தை மடியிலிருந்து எடுத்து என் மடியில் கட்டப் பார்த்தாயே என்று கேட்க வந்தது. கேட்கவில்லை, அவனுடைய முகத்தில் அதைவிடக் கூடிய திட்டு ஏற்கனவே இருந்தது. ஆற்றிலை கொண்டுபோய்ப் போட்டுவிடுறன் அன்ரி என்றான். வேண்டாம் என்றாள். ஆற்றில் போட்ட துவக்கை ஆரோ ஒருவன் எடுப்பான். பற்றைக்குள் போட்ட துவக்கைப் பிள்ளைகள் எடுப்பார்கள். அதையெல்லாம் அவள் கண்டு வந்தவள்.

அங்கேயே கையைக் கழுவிவிட்டு வந்திருக்கலாம். துவக்கை வாங்கவில்லை, தொடவுமில்லை, தவத்துக்கு ஒரு கெடுதியும் இல்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஆனால் போனில் அந்த நம்பர் கிடந்தது. வேலியில் போன ஓணானைத் தானே பிடித்து மடியில் விட்டுக்கொண்டாள். அழித்தாள், அழித்த படங்கள் கிடக்கிற இடத்துக்குள் போய்த் திருப்பி எடுத்தாள். பொலிஸ் ஸ்டேஷன் இருக்கிற வீதியால் காரை ஓட்டிக்கொண்டு போனாள், வட்டமடித்து மறுபடி அதே வீதியால் போனாள், நிறுத்தவில்லை. கோழி முட்டையை எடுக்க மறந்தாள். உப்பை இரண்டுதரம் போட்ட குழம்பைத் தவம் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டான். எதற்கும் ஒரு சொல் சொல்லாத மனிதன் அவன்.

கடைசியில் பொலிசை விட்டு, துவக்குக் கடைக்குப் போனாள். தொழிற்பேட்டை ஒன்றில், டயர்க் கடைக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடித்த கடை. உள்ளே தாடிவைத்த பெரியவர் ஒருவர். தன் பேரைச் சொல்லாமல், சிநேகிதி ஒருத்தியின் பிரச்சினை என்று தொடங்கினாள். அந்தச் சிநேகிதி கடைக்குள் மேலும் கீழுமாக நடப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும், கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை. நம்பரை வைத்துக்கொண்டு தான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் அவர். வைத்திருப்பவன் துவக்கை இங்கே கொண்டுவரட்டும், தான் பொலிசிடம் எடுத்துக் கேட்பதாகச் சொன்னார். களவென்றால் சொந்தக்காரனுக்குப் போகும். கொண்டுவருகிறவனுக்கு, தானாகக் கொண்டுவந்தால், வைத்திருந்ததற்காகத் தண்டனை இல்லை. பொது மன்னிப்பு இருக்கிறது, ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

நல்ல செய்திதான். ஆனால் செல்வமலர் வெளியே வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏறவில்லை.

இதே சொற்களை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். யுத்தம் முடிந்த அந்தக் கடைசி நாட்களில், ஒலிபெருக்கியில், நல்ல தமிழில். இயக்கத்தோடு ஒருநாள் தொடர்பு இருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம், பொது மன்னிப்பு. ஹம்சாவின் தகப்பன் இளங்கீரன் பிள்ளையின் கையை அவளிடம் பிடித்துக்கொடுத்துவிட்டு எழும்பினான். போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போய்ப் பதிந்தால் பிரச்சினை முடியும், ஒளித்துத் திரிய வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் ஒருவருமில்லை. அவள் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது அன்றைக்குத்தான்.

இப்போது இன்னொரு தாயின் பிள்ளையிடம் போய், கொண்டுபோய்க் கொடு தம்பி, ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அவள் சொல்லவேண்டும்.

சொன்னாள். போனில் சொன்னாள். அந்தப் பக்கத்தில் சுகிர்தன், உண்மையாகவே விடுவார்களோ என்று இரண்டுதரம் கேட்டான். அவனும் அந்த ஒலிபெருக்கியின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான். பிறகு, தனியப் போக ஏலாது அன்ரி, நீங்களும் வருவீங்களோ என்று கேட்டான். யோசித்துச் சொல்லுறன் என்று வைத்தாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? போனால், களவுத் துவக்கோடு போனவனுக்குப் பக்கத்தில் நின்ற பெண் ஆர் என்று யாராவது கேட்கலாம். பேர் கேட்டால் விலாசம் கேட்பார்கள். விலாசத்தில் தவம் இருக்கிறான். போகாவிட்டால் அந்தப் பொடியன் துவக்கை ஆற்றில்தான் போடுவான். அல்லது வேறொரு அன்ரியின் தலையில் கட்டுவான். இரண்டு பக்கமும் யோசித்து, பழைய சாக்கு ஒன்றைத் தேடுகிற சாட்டில் கராஜுக்குள் போனவள், தவத்தின் வேலைச் சப்பாத்துகளுக்குப் பின்னால் ஒரு பையைக் கண்டாள். சிப்பைத் திறந்தாள். இரண்டு சாரம், சேர்ட், பிரஷர் மாத்திரை, போன் சார்ஜர், வக்கீலின் அட்டை, ஹம்சாவும் அவளும் நிற்கிற ஒரு படம். எந்த நேரம் வந்து பிடித்தாலும் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

தவம் கராஜ் வாசலில் வந்து நின்றான். எவ்வளவு காலமாக இது இங்கே கிடக்கிறது என்று அவள் கேட்டாள். நீ லைசன்ஸ் வகுப்புக்குப் போன கிழமையிலிருந்து என்றான். அவளுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்ததென்று தெரியவில்லை. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நீ துவக்கை விட்டிருப்பாய், நரி கோழியைக் கொண்டுபோயிருக்கும் என்றான், சாதாரணமாக, மழை வந்தால் நனையும் என்பதைப் போல. அவள் சீமெந்துத் தரையில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்: சுகிர்தனை, நம்பரை, தாடிக்காரரை, பொது மன்னிப்பை. தவம் இடைமறிக்காமல் கேட்டான். சப்பாத்தின் வாரை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான்.

"நீ அவனோடை போ மலர். என்னை யோசிக்காதை. நான் எப்பவும் வெளிக்கிட்டபடிதான் இருக்கிறன், எனக்குப் பழகிப்போச்சு. அந்தப் பொடியனையும் அப்பிடி இருக்க விடாதை."

சனிக்கிழமை காலை தாடிக்காரருக்கு முதலே போன் எடுத்துச் சொல்லிவிட்டு, சுகிர்தன் தன் காரில் போனான். செல்வமலர் தன் காரில் பின்னால் போனாள். தவம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். கடை வாசலில் சுகிர்தன் நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். முகம் கழுவின துணியாக வெளிறியிருந்தது. உள்ளே தானும் வாறன் என்று அவள் ஓரடி வைத்தாள். வேண்டாம் அன்ரி, உங்களை ஒருத்தரும் காண வேண்டாம், அங்கிளின்ரை விசாவுக்குக் கூடாது, இஞ்சை நிண்டால் போதும் என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவனை முழுதாக மன்னித்தாள். வாசலில் திரும்பிப் பார்த்தான்.

"போட்டு வாறன் அன்ரி."

கம்பிக் கதவு மூடியது.

செல்வமலர் நடந்தாள். டயர்க் கடை வரை போனாள், வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை ஒரு சொல்லும் விளங்காமல் வாசித்தாள். பொலிஸ் கார் ஒன்று வீதியில் திரும்பி வந்தது. அவள் விளம்பரத்துக்கு இன்னும் கிட்டப் போய் நின்றாள். கார் கடையடியில் வேகத்தைக் குறைத்தது, தாண்டியது, மூலையில் இருந்த கோப்பிக் கடையில் நின்றது. பொலிஸ்காரி ஒருத்தி இறங்கிப்போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து ஏறினாள், கார் போய்விட்டது. உள்ளே ஏன் இவ்வளவு நேரம்? போன் எடுக்கவா? கேட்கவா? பின்வாசல் ஒன்று இருக்குமா? பின்வாசலால் கொண்டுபோயிருப்பார்களா? போகச் சொன்னது நீதான், நீதான், என்று செருப்பு ஒவ்வொரு அடிக்கும் சொல்லியது. அவள் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். குப்பைத் தொட்டிதான் நின்றது.

போன் அடித்தது. யோகராணி அக்கா. விட்டாள். மறுபடி அடித்தது. மறுபடியும் விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, மூன்றாந்தரம் எடுத்தாள். யோகராணி அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மெல்பேர்னில் நல்ல இடமொன்று சுகிர்தனைக் கேட்கிறார்களாம், செல்வமலர் முதலில் விசாரித்தவள் என்றபடியால் அவளுடைய முடிவு தெரியாமல் பேச்சைத் தொடங்கக் கூடாதாம், அது முறையில்லையாம். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பொடியனில் ஏதோ பிழை என்று சனம் கதைக்கும்.

"சொல்லு பிள்ளை. நீ நல்லாத் துருவிப் பாத்தனியெல்லோ. பொடியன் எப்பிடி?"

செல்வமலர் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது? லைனில் இருக்கிறியோ என்று யோகராணி அக்கா கேட்டார்.

கதவு திறந்தது. சுகிர்தன் வந்தான். இரண்டு கையும் வெறுங்கை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைத் தேடினான், கண்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தான். களவுதான் அன்ரி என்றான், மூச்சுவிடாமல். ஆரோ ஒரு தோட்டக்காரரின் வீட்டை உடைத்து எடுத்ததாம், அவரிடமே திரும்பிப் போகுமாம். நீ கொண்டுவந்தது நல்லது, போகலாம் என்று தாடிக்காரர் கையைக் குலுக்கி விட்டாராம். உங்களை ஒருத்தரும் கேட்கவில்லை என்றான். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

செல்வமலர் நடைபாதை ஓரக் கல்லில் பொத்தென்று இருந்தாள். போனில் யோகராணி அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"நல்ல பொடியன் அக்கா. மெல்பேர்ன்காரரைத் துணிஞ்சு செய்யச் சொல்லுங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்... வந்திட்டான்."

யோகராணி அக்கா என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது. செல்வமலர் போனை வைத்துவிட்டு, அந்தக் கல்லிலேயே இருந்தபடி, கராஜில் கிடக்கிற பையிலுள்ள சாமானை அலுமாரியில் எடுத்து வைக்கச் சொல்லத் தவத்துக்குப் போன் எடுத்தாள்.